எஞ்சின் அணைத்த இறக்கம்

இந்த ஊரில் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வருகிறவர்கள், பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். பூசை முடிந்த கையோடு மலைக்குப் போக வேண்டுமாம். கோயிலுக்குள் இடமில்லாததால் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் வரிசையாகச் சாத்திவைப்பார்கள். சிலுவைகளுக்குப் பின்னால் ஆளுயரக் கட்டைகள் நிற்பதை முதன்முதலில் பார்த்தபோது, யாருக்கோ அடக்கம் நடக்கப்போகிறது என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவார். அவருடைய கட்டைகளும் அதே சுவரில்தான் நிற்கும். பீர்மேட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட் கோயிலில் சுவரோரம் குடைகள்தான் நின்று சொட்டிக்கொண்டிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் இந்தப் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தோம், நானும் கமலாவும். கமலா கொல்லங்கோட்டுக்காரி. இருவர் பேசுவதும் தமிழ்தான் என்றாலும், அவள் பேச்சு கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. என்னுடையது திருநெல்வேலியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறியவர்களின் பேச்சு. முதல் குளிர்காலத்திலேயே உடன் வேலை செய்தவர்கள் எங்களை மலைக்கு இழுத்துப் போனார்கள். "நெல்லியாம்பதி மலயப் பாத்துட்டே வளந்தவ நானு. மலைன்னா பாக்கறதுக்குங்க்கா, ஏறி உழுகறதுக்கில்லீங்" என்று சொல்லிவிட்டுக் கமலா அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டாள். நான் கட்டைகளை மாட்டிக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க வந்தவர், உங்கள் மலையில் பனி உண்டா என்று கேட்டார். பனி இல்லை, தேயிலை என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மனில் அதற்குத் தெரிந்த ஒரே சொல் 'டே'. அதைச் சொன்னதும் அவர் ஓடிப்போய் ஒரு கிளாஸ் நிறையச் சூடான டீயோடு வந்தார். பாவம், குளிரில் கேட்கிறாள் என்று நினைத்திருக்கிறார். வேறு வழியில்லாமல் குடித்தேன்.

விழுந்து எழுந்து, ஒரு மாதிரி கற்றுக்கொண்டேன். கற்றதும் அதை விட முடியவில்லை. காரணம் என் அண்ணன் அருள். அவன் எஸ்டேட் ஜீப் டிரைவர். மேலே மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயங்கள், தொழிலாளர் வீட்டு வரிசைகள், இருக்கும் சரிவுக்கு இறங்கும்போது, துரை உள்ளே இல்லையென்றால் எஞ்சினை அணைத்துவிடுவான். இரைச்சல் சட்டென்று அடங்கும். டயருக்கடியில் சரளை அரைபடும் ஓசையும் காதோரம் காற்றும் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை இரண்டு தடவை குட்டையாக அடிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து வரும் எனக்கு, தேயிலைச் செடிகள்தான் மேலே ஏறிப் போவதாகத் தோன்றும். அந்த அமைதி உலகத்தில் வேறெங்கும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இங்கே, இரண்டு கட்டைகளின் மேல் நின்று கீழே வழுக்கியபோது அது அப்படியே இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில் தந்தி வந்தது. அண்ணன் இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது: லயத்தில் பிரசவ வலி கண்ட ஒருத்தியை மேலே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தனியாக இறங்கி வந்திருக்கிறான். வழியெல்லாம் மூடுபனி. ஜீப்பை முதலில் கண்டுபிடித்தார்கள். அவனை அதற்கும் கீழே, ஏலக்காட்டில். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மண் போடவில்லை. அதனாலோ என்னவோ அவன் செத்துப்போனான் என்பது எனக்குள் இறங்கவேயில்லை. என்னைப் பொறுத்தவரை அவன் இன்னும் அந்த ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தான். கீழே வந்து சேராமல் இருந்தான், அவ்வளவுதான்.

அறையில் அடைந்து கிடக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் அந்த வாரமே மலைக்குப் போனேன். பாதிச் சரிவில் மேகம் வந்து மூடியது. முதுகுக்குப் பின்னால், மிக அருகில், இரண்டு தடவை ஹாரன் கேட்டது. அங்கே ரோடே கிடையாது. நின்றேன். கட்டைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, முழங்கால் வரை புதையப் புதைய நடந்தே இறங்கினேன். கமலாவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல குளிர்காலங்கள் சன்னலோடு சரி. யாராவது கூப்பிட்டால் டியூட்டி இருக்கிறது என்பேன்.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஊருக்குப் போனேன். பீர்மேட்டில் பஸ் இறங்கியபோது அண்ணன் மனைவி, செசிலி மைனி, நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட் ஜீப் காத்திருந்தும் அவள் ஏறவில்லை. பெட்டியை மட்டும் அதில் அனுப்பிவிட்டுத் தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் நடத்திக் கூட்டிப் போனாள். அந்த ரோட்டில் அவள் வண்டி ஏறுவதே இல்லையாம். வீட்டில் என் கைப்பையிலிருந்து ஒரு போட்டோ விழுந்தது. கட்டைகளோடு சரிவில் நான் நிற்கும் பழைய படம். மைனி எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல நின்னுக்கிட்டா நீங்கள்லாம் மலையில இருந்து கீழ வருவீங்க?"

"ஆமா மைனி."

"பிரேக்கு?"

"கிடையாது. காலைத் திருப்பித்தான் நிப்பாட்டணும்."

"வேணும்னேவா வாரீங்க?"

இப்போது போவதில்லை, விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாததை, ஹாரன் சத்தத்தை, அவளிடம் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். மைனி போட்டோவை முந்தானையால் துடைத்தாள்.

"ஒனக்காச்சும் கேட்டுச்சே" என்றாள். "நான் எத்தன நாளு அந்த வளைவுல போயி நின்னிருக்கேன் தெரியுமா? எனக்கு ஒண்ணுமே கேக்கல." போட்டோவை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா கொழந்த பொறந்திருச்சு. அதப் பாத்திட்டுத்தான் அவுக வண்டிய எடுத்திருக்காக. அவுக எப்படி எறங்குவாகன்னு ஒனக்குத் தெரியும்ல? எஞ்சின அணச்சிட்டு, சந்தோசமாத்தான் வந்திருப்பாக. எல்லாரும் விழுந்தத மட்டுந்தான் பேசுதாக."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. ஆனால் திரும்பி வந்து முதல் பனி விழுந்தபோது, சன்னலோடு நிற்க முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் கட்டைகளை வாடகைக்கு எடுத்தேன். கமலா வழக்கம்போல அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்தாள். "இத்தன வருசங்கழிச்சு எதுக்குங்க்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன். உச்சிக்கு ஏற்றிப் போகும், கம்பியில் தொங்கும் நாற்காலியில் இரண்டு பேர் உட்காரலாம். ஏற்றிவிடும் ஆள் என்னைப் பார்த்து "அல்லைன்?" என்றார். தனியாகவா என்று அர்த்தம். என் வாய் தானாக "நைன்" என்றது. இல்லை என்று. அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். லீவரை இழுத்து ஓட்டத்தையே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

"உங்கள் ஆள் எங்கே?"

"முன்னாடியே போய்விட்டார்."

"ஓ, அப்படியானால் மேலே காத்திருப்பார்" என்று சிரித்து, லீவரை விட்டார். பக்கத்து இடம் காலியாகவே என்னோடு ஏறி வந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டே போனேன். சில்லிட்டிருந்தது.

உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. திரும்பும் நாற்காலியில் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். ஏற்றிவிட்டவர் சொன்னது காதில் நின்றதால் கட்டைகளைச் சரிவை நோக்கித் திருப்பினேன். உடம்பு மறந்திருக்கவில்லை. முதல் திருப்பத்தில் ஹாரனுக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. இரண்டாவதிலும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த அமைதி வந்தது. பனி அரைபடும் ஓசையும் காற்றும் மட்டும். பின்னால் இன்னொரு ஜோடிக் கட்டைகள் வழுக்கி வருவது கேட்டது. யாராகவும் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவில்லை. அந்த ஓசை சிறிது தூரம் என்னோடு வந்து ஒரு வளைவில் தேய்ந்து போனது. எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது கத்தியிருக்கிறேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை, தமிழில்தான். அடிவாரம் தெரிந்ததும் கவனம் தவறி உருண்டு விழுந்தேன்.

"ஐயோ அக்கா, அடி பட்டுருச்சுங்ளா?" என்று கமலா பனியில் புதைந்து புதைந்து ஓடி வந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அத்தனை வருஷத்து அழுகையும். வலியில் அழுகிறேன் என்று நினைத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே ரொட்டிக்கடைக்குப் போனேன். இத்தனை வருஷமாக விலையைத் தவிர வேறெதுவும் பேசியிராத கடைக்கார அம்மாள் என் காலைப் பார்த்ததும், சறுக்கி விழுந்த கால் என்று கண்டுகொண்டு முகம் மலர்ந்தாள்.

"எங்கே விழுந்தாய்?"

"பீர்மேட்டில்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

அவள் நெற்றியைச் சுருக்கி, பள்ளத்தாக்கின் சரிவுகளையெல்லாம் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "நான் போனதில்லையே. அங்கே பனி நன்றாக இருக்குமா?"

அவள் கேட்ட பனிக்கு அவள் மொழியில் ஒரு சொல், மூடுபனிக்கு வேறொரு சொல். எனக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"நிறைய இருக்கும்" என்றேன். "எதிரே வருகிற ஆள் தெரியாது."

"அடுத்த குளிர்காலம் போக வேண்டும்" என்று சொல்லி, சூடான ரொட்டியைத் தாளில் சுற்றித் தந்தாள்.