கம்பளிக் கையுறையும் ஒரு ராணியும்

எங்கள் அணிக்கு அரைப் புள்ளி போதும் என்ற நிலையில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஊட்டியில் ஒரு பள்ளி அரங்கம், ஜனவரி காலை, அணிகளுக்கான சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. நாலு பலகைகளில் மூன்று முடிந்துவிட்டன. நாலாவது என்னுடையது. டிரா செய்தால் அடுத்த போட்டிக்குக் கோவை போகலாம். தோற்றால் ஊருக்குத் திரும்பக் கட்டபெட்டு பஸ்தான்.

குளிருக்குக் கையுறை போட்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் கேப்டன் அக்கா அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். நான் எட்டாம் வகுப்பு. யார் என்ன சொன்னாலும் நேர்மாறாகச் செய்வதுதான் அப்போது என் கொள்கை.

எதிரே குன்னூர்ப் பெண், என் வயதுதான். நெருக்கி நெருக்கி என்னிடம் ராஜாவையும் ராணியையும் மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். ராணி அசையாமல் நின்றால் தாக்குப்பிடிக்கலாம். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைக்கக் கை நீட்டினேன். தடித்த கம்பளிக்குள் விரலுக்கு என்ன தெரியும்? தூக்கிப் பார்த்தால் பக்கத்திலிருந்த ராணி.

"தொட்ட காயத்தான் நகத்தோணுங்க," என்றாள் சன்னமாக.

விதி அதுதான். அழுதால் மானம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். ராணி நகர்ந்தால் அடுத்து மேட். ஒரு நிமிஷமாவது தள்ளிப்போகட்டும் என்று அவள் ராஜாவுக்குப் பக்கத்திலேயே ராணியை வைத்து செக் சொன்னேன். அவள் விலகிப் போயிருந்தால் ஜெயித்திருப்பாள். சும்மா கிடைத்த ராணியை விட மனசில்லாமல் ராஜாவாலேயே வெட்டினாள்.

வெட்டிய கையோடு அவள் முகம் மாறியது. எனக்கு அப்புறம்தான் விளங்கியது. என் ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நான் போக நினைத்த கட்டத்தையும் அவள் ராஜா மறித்துவிட்டதால் நகர ஒரு கட்டமும் இல்லை. வேறு காயும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தேன்.

பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் அக்கா ஓடி வந்தார். "ஏம்புள்ள, ராணியத் தெரிஞ்சுதான குடுத்தே?"

"ஆமாங்க்கா," என்றேன், கூசாமல்.

சொன்ன பிறகுதான், அந்தப் பெண் இன்னும் எதிரே உட்கார்ந்து காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. காது சூடாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னாலும் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அவள் என்னைப் பார்த்தாள். என் கையுறையைப் பார்த்தாள்.

"நல்லா ஆடுனாங்க," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

அரைப் புள்ளி கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கவில்லை.