ஏழாம் நாள் வடை

எங்கள் கானோ நகரத்து ஜூ ரோட்டில் படக் கம்பெனி வைத்திருப்பவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஜும்மையை நடிக்கக் கூப்பிட்டுப் போனால், சம்பளம் எவ்வளவு, ஜோடி யார் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் அவள் ஒன்றைக் கேட்பாள்: "கதையில நான் சாவேனா?" ஆமாம் என்றால், வந்தவருக்கு ஒரு டம்ளர் ஷாயி டீ கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவாள். திமிர் என்கிறார்கள் சிலர். ஓதிப் பார்க்கும் மாலம் யாரோ குறி சொல்லிவிட்டாராம், அதனால்தான் பயப்படுகிறாள் என்கிறார்கள் சிலர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நடந்தது வேறு.

ஜும்மை வுடில் ஊர்க்காரி. அப்பாவுக்குச் சைக்கிள் பழுது பார்க்கும் வேலை. பதினாறு வயதில் அவளைக் கானோவில் துணி வியாபாரம் செய்த ஹாமிசுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மறுவருஷமே ஒரு பெண் குழந்தை. சுவைபா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை ஊரில் எல்லாரும் கூப்பிட்டார்கள், பெற்றவளைத் தவிர. எங்கள் பக்கம் தலைப்பிள்ளையின் பெயரைத் தாய் சொல்லமாட்டாள். நாலு பேர் முன்னால் தூக்கிக் கொஞ்சவும் மாட்டாள். வெட்கம் கெட்டவள் என்று பேர் வந்துவிடும். "ஏய் பொண்ணு" என்பாள், "அந்தப் பிள்ளை" என்பாள், அதோடு சரி.

ஆனால் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் படுக்கும்போது ஒரு விளையாட்டு நடக்கும். ஜும்மை தன் இடது காதை இரண்டு தடவை இழுத்துக்காட்டுவாள். குழந்தையும் தன் காதை இழுத்துக்கொண்டு சிரிக்கும். பெயர் சொல்லாத வீட்டில் அதுதான் பெயர்.

குழம்பில் உப்பு கூடிப்போனதில் ஆரம்பித்த சண்டை ஒருநாள் மூன்று தலாக்கில் முடிந்தது. அப்போது ஜும்மைக்கு இருபது வயது, குழந்தைக்கு மூன்று. பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான் என்றார்கள். அந்த வீட்டில் அதிகாரமெல்லாம் ஹாமிசுவின் அக்கா கூலுவுக்கு. விதவை, சொந்தமாக மூன்று வீடு வாடகைக்கு விட்டவள், வாயைத் திறந்தால் எதிரில் ஆள் நிற்கமாட்டார்கள். முதல் ஒரு வருஷம் கூலு அத்தை வாரம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்க விட்டாள், அதில் குறை சொல்ல முடியாது.

தலாக் ஆனவளை அப்பா வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஜும்மை சினிமாவுக்கு வந்தாள். கதாநாயகிக்குப் பின்னால் ஆடும் பதினைந்து பெண்களில் இடது கோடியில் நின்றாள். பிறகு கதாநாயகியின் தோழியானாள். பிறகு அறை வாங்கும் வேலைக்காரி. அந்தப் படத்தில் வாங்கிய அறைகள் நிஜ அறைகள், கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. அவள் ஆடுகிற போஸ்டர் ஒன்றை யாரோ கூலு அத்தை வீட்டுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினான். அந்த வாரம் ஜும்மை போனபோது கதவு திறக்கவில்லை.

"ஆட்டக்காரிக்கு இங்க பிள்ளை கிடையாது," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "போய் உன் மேளக்காரனுக்குப் பெத்துக் குடு, போ!"

அதோடு அந்த வீட்டு வாசல் அவளுக்கு மூடிவிட்டது. ஹாமிசு அக்காவின் பேச்சை மீறாதவன். முக்கால்வாசி நாள் துணி எடுக்க எல்லை தாண்டிக் கோட்டோனூ போய்விடுவான்.

இந்த நேரத்தில்தான் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் வரும் தொடர். அதில் அவள் பெயர் ஆசபே, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஆறு மாதத்தில் கானோ முழுக்க ஆசபே ஆசபே என்று பேச்சு. நடிக்க வந்த கடைசிப் பிள்ளையை மடியில் போட்டு, "என் தங்கமே, என் கம்பு மணியே" என்று அவள் கொஞ்சும்போது வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அங்கே கொஞ்சலாம், அது மூன்றாவது பிள்ளைதானே.

கூலு அத்தையின் வாடகை வீடு ஒன்றில், அத்தை வீட்டுச் சுவரை ஒட்டி, டெலு என்பவள் குடியிருந்தாள். பயறு வடை சுட்டு விற்பவள், ஜும்மை அங்கே வாழ்ந்த நாளிலிருந்தே பழக்கம். அவள் வீட்டில் டிவி இருந்தது. தெருப்பிள்ளைகள் எல்லாம் வெள்ளிக்கிழமை அங்கேதான். ஒருநாள் டெலுவிடமிருந்து ஜும்மையின் போனுக்குக் குரல் செய்தி வந்தது.

"ஜும்மை, உன் பொண்ணு எங்க வீட்டுலதான் உன்னைப் பாக்குது. முன்னாடி வந்து உக்காந்துக்கும். கண்ணு சிமிட்டாது. அம்மா எப்ப இதுக்குள்ளயிருந்து வெளிய வருவாங்கன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

அதைக் கேட்ட ஜும்மை மேக்கப் அறையில் உட்கார்ந்து அழுதாள். பூசிய பவுடர் மொத்தமும் போயிற்று. அடுத்த காட்சியில், வசனத்துக்கு நடுவே, இடது காதை இரண்டு தடவை இழுத்தாள். டைரக்டர் அஷிரு, "காதுல எறும்பா?" என்று திட்டினார். அவள் ஒவ்வொரு வாரமும் இழுத்தாள். கடைசியில் அது ஆசபேயின் ஸ்டைல் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் குமரிகள் காதை இழுத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

டெலு செய்தி அனுப்பினாள்: "பொண்ணும் இழுக்குதுடி. டிவியப் பாத்து இழுத்துட்டு, சிரிச்சுட்டு, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருது. மீதிக் கதையெல்லாம் அதுக்கு வேணாம்."

ஒரு தடவை டெலு துணிந்து போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். கூலு அத்தை பார்த்துவிட்டாள். அடி விழுந்தது குழந்தைக்கு. வீட்டைக் காலி பண்ணு என்ற மிரட்டல் டெலுவுக்கு. போதும், இனி வேண்டாம் என்று ஜும்மையே சொல்லிவிட்டாள். வாரத்துக்கு ஒரு காது இழுப்பு. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினாள் அந்த மகராசி.

பிறகு ஒருநாள் அஷிரு கூப்பிட்டார்.

"ஜும்மை, உக்காரு. நல்ல சேதி. நீ சாகப்போற."

"யாரு?"

"ஆசபே. அடுத்த மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை. கானோவே அழும் பாரு."

"அண்ணே, வேணாண்ணே. சக்களத்தியக் கொண்டாங்க. நான் ஓரமா கெடக்குறேன்."

"சக்களத்திச் சண்டை முப்பது வாரம் ஓட்டியாச்சு, ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. தொடருக்குப் பணம் போடுற எண்ணெய்க் கம்பெனிக்காரர் புது மூஞ்சி கேக்குறார்."

"அப்ப தலாக் குடுத்து அனுப்புங்க."

"ஹீரோ மூஞ்சில ஊரே காறித் துப்பும்."

"காலை உடைங்க. குருடியாக்குங்க. பைத்தியம் புடிச்சு மார்க்கெட்டுல அலையிறேன். ஹஜ்ஜுக்கு அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிடாதீங்க. உசுரோட மட்டும் விட்டுருங்கண்ணே, காலப் புடிக்கிறேன்."

"அடியே, நான் என்ன உசுரெடுக்க வந்த மலக்கு வானவரா? இது கதை!"

"எம்பொண்ணுக்கு இது கதை இல்லைண்ணே. அதுல நான் செத்தா, அவளுக்கு நான் செத்தேன்."

அஷிரு கெட்டவர் இல்லை. கையிலிருந்த கதைத்தாளை மடித்து வைத்தார். பிறகு, "உனக்கு இஷ்டமில்லன்னா படுக்க வேணாம். பொணத்துக்குச் சுத்துற கபன் துணிக்குள்ள யாரு படுத்தா என்ன? வேற பொண்ணைப் படுக்கவெச்சு எடுத்துக்குறேன்," என்றார்.

அங்கேதான் ஜும்மை ஒரு கணக்குப் போட்டாள். வேறொருத்தி படுத்தால் குழந்தைக்கு ஒரு குறிப்பும் காட்ட முடியாது. தானே படுத்தால், முகத்தைத் திறந்து காட்டும்போது கண்ணைச் சிமிட்டிவிடலாம். ஒரே ஒரு சிமிட்டு. எமனைக் கூட ஏமாற்றலாம் என்று நினைத்தாள் பாவி. "நானே படுக்குறேன்," என்றாள்.

படுத்தாள். நாசியில் பஞ்சு. கைகள் துணிக்குள் சுற்றிக் கட்டியிருந்ததால் காதை இழுக்க வழியில்லை. காமிரா முகத்துக்குப் பக்கத்தில் வந்தபோது இடது கண்ணைச் சிமிட்டினாள்.

"கட்! பொணம் கண்ணடிக்காது, ஜும்மை!"

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிமிட்டினாள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அஷிரு, "சரி, முடிஞ்சது, எந்திரி," என்றார். விட்டுவிட்டார் என்றுதான் அவள் நம்பினாள். சிமிட்டுவதற்கு முந்தின நான்கு வினாடியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே டெலுவுக்குச் சொல்லி அனுப்பினாள்: 'அது நடிப்பு, அம்மா உசுரோட இருக்கேன், கண்ணைப் பாக்கச் சொல்லு.'

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டெலுவிடமிருந்து பேச்சே இல்லை. ஜும்மை கூப்பிட்டாள், போனை எடுக்கவில்லை. தெருவில் இறங்கினால் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ ஆசபே, உனக்கா சாவு வரணும்!" என்று அழுதார்கள். சரியாக ஏழாம் நாள் செய்தி வந்தது. டெலு அழுதுகொண்டே பேசியிருந்தாள்.

"ஜும்மை, என்னை மன்னிச்சுரு. அன்னைக்குக் கூலு அத்தையும் டிவி பாக்க வந்துட்டா, ஒரு நாளும் வராதவ. அவ முன்னாடி நான் எப்படிடி வாயைத் தொறப்பேன்? எங்க போவேன் நாலு புள்ளைங்களோட? பொண்ணு அவளைத்தான் கேட்டுச்சு, அத்தை, அம்மா ஏன் காதை இழுக்கலன்னு. செத்துப்போயிட்டா, அதான்னு சொல்லிட்டா. அப்புறம் என்கிட்ட சொல்றா, 'ஒரு வாரம் அழும், அதுக்கப்புறம் மறந்துரும், தெனம் தெனம் ஏங்குறதுக்கு இது நல்லது'ன்னு. இன்னைக்குக் காலைல அறுபது வடை சுடச் சொன்னா. ஏழாம் நாள் தர்மமாம். நான்தான்டி சுட்டேன். இந்தக் கையாலதான் சுட்டேன். தட்டைப் பொண்ணு தலைல வெச்சு, உங்கம்மா பேரைச் சொல்லிக் குடுத்துட்டு வான்னு தெரு முழுக்க அனுப்பினா. தர்மம் குடுத்துட்டா செத்தவங்க நிம்மதியா இருப்பாங்களாம், திரும்பி வரமாட்டாங்களாம். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்காதேன்னு வேற சொல்லி வெச்சிருக்கா."

உயிரோடு இருப்பவளுக்கு ஏழாம் நாள் வடை! கூலு அத்தை மனசில் நல்லதைத்தான் நினைத்தாளாம். அந்த நல்லதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் சனிக்கிழமை, ஜும்மை முகத்திரை போட்டுக்கொண்டு ஓதும் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றாள். மத்தியானத் தொழுகைக்கு முன்னால் பள்ளி விட்டது. பச்சைத் துணி போர்த்திய பிள்ளைகள் ஓதும் பலகையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்று வருஷமாகப் பார்க்காத பிள்ளை. நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஹாமிசுவைப் போலவே ஒரு தோளைச் சாய்த்து நடந்தது.

கொஞ்ச தூரம் பின்னால் போனாள். ஏய் பொண்ணு என்று கூப்பிட்டால் பத்துப் பிள்ளைகள் திரும்பும். பெற்ற நாளிலிருந்து நாக்குக்கு வராத பெயரை அன்றைக்குச் சொன்னாள்.

"சுவைபா!"

குழந்தை நின்றது. திரும்பவில்லை. பலகையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஏதோ ஓத ஆரம்பித்தது. பிறகு வேகமாக நடந்தது.

ஜும்மை ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டு முகத்திரையைத் தூக்கினாள். காதை இழுத்தாள், ஒன்று, இரண்டு. "நான்தாண்டி. சாகல. தொட்டுப் பாரு, கை சுடுதா இல்லையா, தொட்டுப் பாரு."

குழந்தை தொடவில்லை. ஓதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தது. தப்பு செய்யாமலே திட்டு வாங்கும் பிள்ளையைப் போல, மிகவும் மரியாதையாகப் பேசியது.

"நான் எல்லா வடையையும் குடுத்துட்டேன்மா. அறுபதும் குடுத்துட்டேன். ஒண்ணுகூட நான் திங்கல. நீங்க போங்கம்மா."