கடைசி ஐந்து நிமிடம்

நடைக்காரருக்கு வேலையே நடப்பதுதான். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கவோ காவல் சுற்றவோ இல்லை. ஒரு மூடிய அறையில், நாலடி நீளத் தட்டில் மணலையோ ஜல்லியையோ கொட்டி, அதன்மேல் நின்ற இடத்திலேயே நடப்பது. சினிமாவில் கதாநாயகன் ஜல்லியில் நடக்கும்போது ஒரு சத்தம் கேட்கிறதே, அது அவன் காலிலிருந்து வருவதாக நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாவம் நாம். படம் பிடிக்கிற இடத்தில் வசனத்தைப் பிடிக்கவே மைக்குக்கு நேரம் சரியாக இருக்கும். காலடியெல்லாம் பிறகு திரையைப் பார்த்துப் பார்த்து வேறொருவர் நடந்து சேர்ப்பது. அந்த வேறொருவர்தான் நம்ம ஆள். பதினெட்டு வருடமாகச் செய்கிறார். கதாநாயகிகளுக்காகக் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டு நடந்ததும் அவர்தான், அதுவும் அந்த மீசையோடு.

இந்த வேலை அவர் மாமனாருக்கு மட்டும் இன்றுவரை ஜீரணமாகவில்லை. மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால், "சினிமாவுல இருக்கார்" என்று சொல்லிவிட்டு உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்குள் அந்தத் தயவும் கிடையாது.

"உலகத்துல எல்லாரும் சும்மாதான் நடக்கறாங்க. இவருக்கு மட்டும் அதுக்குச் சம்பளம்" என்பார் மகளிடம். மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள். "அப்பா, பேசாம இருங்க, இல்லேன்னா உங்களுக்கும் ஒண்ணு குத்திடுவேன்" என்பாள். அதற்கு மட்டும் அடங்குவார்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவர் விட்டதே இல்லை. "இத்தனை படம் பண்ணேங்கறீங்களே மாப்ளே, ஒண்ணுலயாவது உங்க பேரைப் போட்டிருக்கானா?"

போட்டதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். "ஒலிப்பதிவுக் கூடத்தாருக்கு நன்றி" என்று மொத்தமாக ஒரு வரி போட்டுக் கைகழுவி விடுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் நடைக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். அவருக்கு நிஜமாகவே வலிக்கும்.

இந்த வருடம் அதற்கும் விடிவு வந்தது. ஒரு இயக்குநர், இளம் பெண், அவருடைய பெயரைத் தனியாகப் போடுவதாகச் சொன்னார், போட்டும்விட்டார். கடைசி எழுத்தோட்டத்தில், 'விளக்கு உதவி'க்கும் 'வாகன ஏற்பாடு'க்கும் நடுவில், 'காலடி ஓசை' என்று எழுதி அதன் பக்கத்தில் முழுப் பெயர், இனிஷியலோடு. நடைக்காரர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"மாமா, இந்தப் படத்துல என் பேரு வருது."

"எப்ப வருது?"

"கடைசியில."

"கடைசியிலன்னா?"

"எல்லாம் முடிஞ்ச பிறகு."

மாமனார் யோசித்தார். "அப்ப பஸ்ஸு?"

சிக்கலே இங்கேதான். டைம்கீப்பர் தன் வாழ்நாளில் ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்தவர் இல்லை. படம் விடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்தால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்பது அவர் சட்டம். கெட்டவன் செத்தானா, காதலர்கள் சேர்ந்தார்களா என்பதெல்லாம் மறுநாள் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்வார். இப்போதும் "பாக்கலாம் மாப்ளே" என்றார். டிப்போ பாஷையில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் இன்னொரு சமாச்சாரமும் இருந்தது. அதை நடைக்காரர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் ஒரு அப்பா வருகிறார். அவர் வருவதற்கு முன்னாலேயே அவர் காலடி வரும்; அறைக்குள் இருக்கிற மகள் அதைக் கேட்டே அவர் மனநிலையைத் தெரிந்துகொள்வாள். நடைக்காரர் முப்பது ஜோடி செருப்பு மாற்றிப் பார்த்தார். இயக்குநருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "சார், யாரோ ஒருத்தர் நடக்கற மாதிரி இருக்கு. அப்பா நடக்கற மாதிரி இல்ல" என்றார். அன்று இரவு நடைக்காரர் வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கூடத்திலிருந்து மாமனார் குளியலறைக்குப் போனார். டப், க்ரீச். டப், க்ரீச். பதினோரு வருடத் தோல் செருப்பு, வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார், இரண்டு தடவை ஆணி அடித்தது, இடது காலில் வார் முனகும். நடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அந்தச் செருப்பு ஒரு துணிப்பைக்குள் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது. சாயங்காலமே திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தார், சத்தியமாக. ஆனால் அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஜோடியை வைத்துவிட்டால், படத்தின் ஒலி முழுக்க முடிந்து ஓகே ஆகும்வரை அது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியே போட்டு நடந்தால் தேயும், ஈரம் படும், சத்தம் மாறிவிடும். ஒரே மனிதன் முதல் பாதியில் ஒரு மாதிரியும் மறு பாதியில் வேறு மாதிரியும் நடந்தால் படம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

நாற்பது நாள் ஆனது. அதற்குள் வீட்டில் டைம்கீப்பர் செய்த ரகளையைக் கேட்கவே வேண்டாம். மாடி வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டார், எதிர் வீட்டு நாயைச் சந்தேகப்பட்டார், பால்காரரை நிறுத்தி வைத்துக் காலைக் காட்டச் சொன்னார். ஏழாம் நாள் புதுச் செருப்பு வாங்கிவிட்டார்; ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. "எடுத்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று தினமும் சாப்பாட்டு மேசையில் சபதம் போட்டார். எடுத்தவன் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒலி வேலை முடிந்த பிறகும் செருப்பைத் திருப்பி வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

படத்தில் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாரோ? சேச்சே, தன் குறட்டையை யார் கேட்டிருக்கிறார்கள், தன் காலடியை யார் கவனித்திருக்கிறார்கள் என்று நடைக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. போனால், அவர்களுடைய நம்பர் போட்ட இருக்கைகளில் ஒரு குடும்பம் பையும் சட்டியுமாகக் குடியேறியிருந்தது. "எங்கே உக்காந்தா என்ன சார், படம் ஒண்ணுதானே?" என்றார் குடும்பத் தலைவர். டைம்கீப்பர் விடுவாரா? அந்த ஆளின் டிக்கெட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பு ரூட்டில் ஏறிவிட்ட பயணியை இறக்குவதுபோல இறக்கிவிட்டார். பிறகு நடைபாதை ஓரத்து இருக்கையில் தான் உட்கார்ந்துகொண்டார். அஞ்சு இருபது பஸ்ஸுக்கு அதுதான் வசதி.

படம் தொடங்கியது. கூடவே மற்றதெல்லாமும் தொடங்கியது. முன்னால் ஒருவர் செல்போனை எடுத்து, வெளிச்சத்தைக் குறைக்காமல், யாருடைய கல்யாணப் படங்களையோ ஒவ்வொன்றாகத் தள்ளினார். பின்னால் ஒருவர் ஏற்கெனவே படம் பார்த்தவர், "இப்ப பாரு, கதவைத் திறப்பான், திறப்பான்... திறந்தான் பாத்தியா?" என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே, ஒவ்வொரு விளக்கத்துக்கும் நடைக்காரரின் முதுகில் முழங்காலால் ஒரு இடி இடித்தார். நேரம் கழித்து வந்த நாலு பேர் டார்ச்சை முகத்தில் அடித்து, எல்லார் காலையும் மிதித்து, கடைசியில் இது அவர்கள் வரிசையே இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பவும் மிதித்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் நடைக்காரர் பொறுத்துக்கொண்டார். பக்கத்து சிப்ஸ்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. தன் முழங்கால் வீங்க மூன்று நாள் நடந்த மழைக் காட்சி திரையில் வருகிறது. ஈரச் சகதியில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் மொறுக், மொறுக்.

"கொஞ்சம் சத்தம் இல்லாம சாப்பிடறீங்களா?"

"சத்தம் இல்லாம எப்படிங்க மெல்றது?"

"வாயை மூடிக்கிட்டு, கடைவாயில, ரெண்டாவது கடிக்கு முன்னால கொஞ்சம் ஊற வெச்சு" என்றார் நடைக்காரர். அவர் நாலு படத்துக்கு மென்றும் கொடுத்தவர். அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாக்கெட்டை இன்னும் அகலமாகக் கிழித்தார். அந்தக் கிழிப்புச் சத்தத்தில் கதாநாயகியின் கண்ணீரே காணாமல் போனது.

"ஏங்க, விடுங்க" என்று மனைவி கையைப் பிடித்தாள். டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார்.

படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது அந்தக் காட்சி வந்தது. அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு மகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை. அதிசயம், அரங்கமும் அடங்கியது. சிப்ஸ்காரரின் கைகூட வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. நடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்தது.

டப், க்ரீச். டப், க்ரீச்.

டைம்கீப்பர் தலையைச் சாய்த்தார். "மாப்ளே."

"ம்ம்."

"இது என் செருப்பு."

"சும்மா இருங்க மாமா, படம் ஓடுது."

டப், க்ரீச்.

டைம்கீப்பர் எழுந்தே விட்டார். "அட, என் செருப்புய்யா! இடது கால்! எனக்குத் தெரியாதா?" முப்பத்து மூன்று வருடம் பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அரங்கம் மொத்தமும் திரும்பியது.

"உக்காருங்க பெரியவரே!"

"யோவ், படம் பாக்க விடுங்கய்யா!"

எல்லாரையும்விடக் கோபமாக "ஷ்ஷ்!" என்றது சிப்ஸ்காரர். நடைக்காரருக்கு இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மகள் அப்பாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"என்ன பேசறீங்கப்பா? உங்க செருப்பு எப்படி சினிமாவுக்குப் போகும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எவனோ திருடி இவங்களுக்கு வித்திருக்கான்." குரலைத் தாழ்த்தி மாப்பிள்ளை பக்கம் குனிந்தார். "ஏன் மாப்ளே, கடைசியில எழுத்து ஓடும்னீங்களே, அதுல வேலை செஞ்ச எல்லார் பேரும் வருமா?"

"வரும்" என்றார் நடைக்காரர்.

"இந்தச் செருப்புச் சத்தம் போட்டவன் பேரும்?"

"அதுவும் வரும்."

"சரி, அவன் பேரைப் பாக்காம நான் எந்திரிக்கப் போறதில்ல."

ஐந்து நிமிடம் இருக்கும்போது டைம்கீப்பர் எழவில்லை. அஞ்சு இருபது பஸ் அவர் இல்லாமலே போனது. படம் முடிந்தது, விளக்கு எரிந்தது, மொத்தக் கூட்டமும் திரைக்கு முன்னால் நின்று சோம்பல் முறித்தது. மாமனார் நடைபாதையில் நின்றுகொண்டு, டிப்போவில் நிற்பதுபோல இரண்டு கையையும் வீசினார். "மறைக்காதீங்க! போறவங்க குனிஞ்சு போங்க! அம்மா, பையை இறக்குங்க!" ஜனங்களும் பயந்துபோய்க் குனிந்து போனார்கள். துடைப்பத்தோடு வந்த அம்மாள் "முடிஞ்சிடுச்சுங்க" என்றதற்கு, "உங்களுக்கு முடிஞ்சிருக்கும்" என்றார்.

எழுத்துகள் மேலே ஏறின. மாமனார் விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஒப்பனை. உடை. விளக்கு உதவி. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டு வருடமாக எந்த வரிக்காக ஏங்கினாரோ, அது வராமலே போய்விடாதா என்று இப்போது வேண்டிக்கொண்டார்.

"காலடி ஓசை" என்று வாசித்தது மாமனாரின் குரல். பிறகு இனிஷியல். பிறகு பெயர், பாதிவரை போய்த் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து முழுசாக. கல்யாணப் பத்திரிகையில் வாசித்ததற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

வாகன ஏற்பாடு போனது, நன்றி போனது, திரை வெறுமையானது. துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் புருஷனைப் பார்த்தாள். "அடப்பாவி" என்றாள் மெதுவாக.

"மாமா, சொல்லிட்டு எடுத்திருக்கணும். தப்புதான். ஸ்டூடியோவுல பத்திரமா இருக்கு, நாளைக்கே கொண்டுவந்துடறேன்."

டைம்கீப்பர் உட்கார்ந்தார். வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு, கதவு வரைக்கும் வந்து, தட்டாம நின்னு, ஒரு காலைப் பின்னால எடுத்து வெச்சு, மறுபடி முன்னால வெச்சுட்டுத் திரும்பிப் போனாரே..."

"ஆமா மாமா."

"இவ அம்மா தவறின வருஷம் இவ கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கிடந்தா. நான் தினமும் ராத்திரி அப்படித்தான் போய் நின்னுட்டு வருவேன். யாரும் பாக்கலேன்னு நினைச்சேன்."

"பாக்கல மாமா. கேட்டேன்."

மகள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் கனைத்தார். "செருப்பைத் திருடினது சரி மாப்ளே. நடையை எப்பத் திருடினீங்க?"

மூவரும் எழுந்தார்கள். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியதும் டைம்கீப்பர் நின்றுவிட்டார். "நீங்க முன்னால போங்க. பின்னால கேட்டுக்கிட்டே வந்தீங்கன்னா எனக்குக் கால் வரமாட்டேங்குது" என்றார்.

வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றிருந்தது. டைம்கீப்பர் நேராக வரிசையின் தலைக்கே போய், முதலில் நின்றவரின் தோளைத் தட்டினார்.

"சார், படம் முடிஞ்சதும் எந்திரிச்சுடாதீங்க. எழுத்து ஓடற வரைக்கும் இருந்து பாருங்க. நடந்தது எங்க மாப்பிள்ளை. செருப்பு என்னோடது."