சுவருக்கு மேலே வந்த குரல்

எழுபதுகளில், உலகமே கொண்டாடிய ஓர் ஆங்கில ராக் இசைக்குழுவின் மேல் எனக்குப் பைத்தியம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் இருந்தேன். ஞாயிறு பகல் வானொலியில் அவர்கள் பாட்டு வந்தால் அசைய மாட்டேன்.

லயத்தில் நடுச்சுவர்கள் கூரை வரை எழும்பாது. உப்போ உதவியோ, சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தால் போதும். கதவைத் தட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை.

அது பஞ்ச காலம். கோதுமை மாவுக்கே வழியில்லை. ஒரு ஞாயிறு லயத்துச் சனமெல்லாம் கீரை தேடிப் போயிருந்தது. பக்கத்து அறையில் ராமாயி அக்கா மட்டும் இருந்தார்; அவர் கைக்குழந்தை பசியில் ஓயாமல் அழுதது. பாட்டு கெடுகிறதே என்ற எரிச்சலில் ரேடியோவின் சத்தத்தை முழுவதும் கூட்டினேன். அழுகை கேட்கவில்லை. நிம்மதியாக ரசித்தேன்.

மாலையில் அக்கா பிள்ளையைச் சேலையில் சுற்றி, மழையில் நனைந்தபடி திரும்பி வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகத் தூக்கி ஓடியிருக்கிறார். வழியிலேயே பிள்ளை போய்விட்டது.

"வலிப்பு வந்துருச்சு தம்பி. தூக்கிக்கிட்டு ஓட வான்னு ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்துல ஒனக்குக் கேக்கல போல."

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அதே குழு பாடியது. கிட்டார் தொடங்கியதுமே அணைத்துவிட்டேன். பிறகு அவர்களை ரசிக்க என்னால் முடிந்ததேயில்லை. அது ஓர் இழப்பா என்ன?

அதற்குப் பிறகு எது தேவையென்றாலும், ராமாயி அக்கா சுற்றி வந்து என் கதவைத் தட்டினார்.