எட்டு மாதம் கடலில் இருக்கும் மாப்பிள்ளை

வரனைப் பற்றி அப்பா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "பையன் கடற்படையில ரேடார் ஆபரேட்டர். வருஷத்துல எட்டு மாசம் கடல்லதான் இருப்பானாம். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் துறைமுக ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு அறைகளில் ஆறு பேரோடு வளர்ந்தவள். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்ததே இல்லை.

"யோசிக்க ஒண்ணும் இல்லப்பா. எனக்குச் சம்மதம்" என்றாள். மகளின் தியாகத்தை நினைத்து அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் கப்பல் லேசுப்பட்டதல்ல. 'சுறா' வகைப் போர்க்கப்பல்கள் நான்கில் மூத்தது. எதிரியின் ரேடாரில் படாதபடி உடம்பெல்லாம் சரித்தும் மடித்தும் கட்டியிருந்தார்கள். தொடக்க விழாவில் அமைச்சர் அதைப் பற்றியே பேசித் தீர்த்தார். மறுவாரம் சோதனை ஓட்டத்தில் கியர் பெட்டி சூடாகி, இழுவைப் படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. அதற்குப் பிறகு எதிரியின் ரேடார் என்ன, கடலே அதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சுறா வந்ததும் அதன் கியர் பெட்டியைக் கழற்றி முதலாவதில் மாட்டிப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. திரும்பக் கொண்டுபோய் மாட்டினால், கழற்றிய இடத்திலும் பொருந்தவில்லை. மூன்றாவதும் நான்காவதும் மற்ற இரண்டுக்கும் உதிரிபாகம் கொடுத்தே இளைத்துப்போயின. பத்திரிகைகள் மட்டும் 'நான்கு சுறாக்களும் தயார் நிலையில்' என்று எழுதின. தயாராக இருப்பதற்கு எங்கும் போக வேண்டியதில்லையே.

ஆக, கணவர் காலையில் பஸ் ஏறிப் போய்ப் போர்க்கப்பலில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர், குடி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் பகலெல்லாம் வெறும் திரையைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு வீட்டில் எதுவும் தப்பாது.

"கத்தரிக்கோல் இடது டிராயர்ல இருந்துச்சே?"

"இப்போ வலதுல இருக்குங்க."

"ஏன்?"

அவள் அதை எடுத்து இடது டிராயரிலேயே வைத்தாள். அவள் குளிக்கப் போனால் வெளியே நின்று, "தண்ணி ரொம்ப நேரமா ஓடுதே" என்பார்.

தங்கை போனில் கேட்டாள். "அத்தான் எப்போக்கா கிளம்புறார்? நீ எப்படிப் பிரிஞ்சு இருக்கப்போற?"

"அது பழகிடும். முதல்ல பிரியட்டும்."

கல்யாணமாகி ஏழாம் வருடம், நான்கு கப்பல்களின் பாகங்களையும் சேர்த்து ஒன்றை ஒப்பேற்றி, புறப்பாடு என்று அறிவித்தார்கள். அவள் ஒரு வாரம் லீவு போட்டாள். பெட்டியை அவளே அடுக்கினாள். கம்பளிச் சட்டை இரண்டு கூடுதலாகவே வைத்தாள். துறைமுகத்தில் பேண்டு முழங்க, மனைவிமார் அழுதார்கள். இவளும் அழுதாள், சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, சோபாவில் காலை நீட்டினாள். கண் சொக்கும் நேரத்தில் அழைப்புமணி அடித்தது. பெட்டியும் கையுமாகக் கணவர்.

"அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டினதும் கியர் பெட்டி மறுபடியும் சூடாயிடுச்சு" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். "சோபா ஏன் கொஞ்சம் தள்ளியிருக்கு?"

மறுநாள் லீவை ரத்து செய்யப் போனவள் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகை முன் நின்றுவிட்டாள். பயணிகள் கப்பலுக்கு நர்ஸ் தேவை. தீவுகளுக்கு ஆளையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிப்போகிற துருப்பிடித்த கப்பல். போய்த் திரும்ப மூன்று வாரம். நர்ஸுக்குத் தனி அறை. லீவை மறந்து, பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

சொன்னதும் கணவர் சோபாவைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். பிறகு, "நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்றார்.

"நேவிக்காரர் நீங்க. பிரிவெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே?"

முதல் பயணத்தில் மூன்று நாள் வாந்தி. நாலாம் நாள் கட்டிலில் சாய்ந்து, வட்ட ஜன்னலில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு வருடத்தில் எட்டு மாதம் அவள் கடலில்தான். ஒவ்வொரு முறை துறைமுகம் நெருங்கும்போதும் மாலுமி ஒருவர், "உங்க வீட்டுக்காரர் கப்பலைப் பாருங்கம்மா, புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்பார். அதன் மேல்தளத்தில் கணவர் நின்று கையசைப்பார். அவளும் அசைப்பாள். கரை சேர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். பெட்டி அடுக்க வேண்டும் என்று சொல்லி அறைக்குப் போய்விடுவாள்.