கைதானவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபம்

கல்யாண மண்டப மேனேஜர் வேலையில், வாசலுக்கு யார் வந்தாலும் கும்பிட்டு "வாங்க, வாங்க" சொல்லியே ஆக வேண்டும். சாவிக் கொத்தோடு காலம் தள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது தெரியும். முகூர்த்தம் இல்லாத நாளில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்றால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: "மண்டபம் காலியா?" அனுமதியில்லாமல் ஊர்வலம் போனவர்களைச் சாயங்காலம் வரை உட்கார வைக்க எங்கள் சங்ககிரிப் பக்கம் வேறு இடம் ஏது?

சந்தனத் தட்டு

பைபாஸைத் தாண்டும்போது லாரி அடித்து நாச்சிமுத்து அண்ணனின் ஒரே மகன் போய்விட்டான். அந்த இடத்தில் சுரங்கப்பாதை கேட்டு ஊர்வலம் போக ஊர்க்காரர்கள் அனுமதி கேட்டார்கள். போலீஸ் மறுத்துவிட்டது. மீறி நடந்தவர்களை வேனில் ஏற்றி என் வாசலில் இறக்கினார்கள்.

பழக்க தோஷம், நான் கும்பிட்டு வரவேற்க, வாட்ச்மேன் சந்தனத் தட்டை நீட்டிவிட்டார். பாதிப் பேர் தொட்டு வைத்தும் விட்டார்கள். தறி ஓட்டும் ராசாத்தி அக்கா மட்டும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, கைது பண்ணிக் கூட்டியாந்தவங்களுக்கும் சந்தனம் உண்டுங்களா?"

அரை நிமிசம்

அடுத்த முறை, கோஷமில்லை, மைக் இல்லை, மெழுகுவத்தியோடு ஓரமாக நடக்கிறோம் என்று கேட்டார்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்று அதற்கும் மறுப்பு. மறுபடி வேன், மறுபடி என் மண்டபம். இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. தன் கையாலேயே எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, "மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண?" என்றார். நாச்சிமுத்து அண்ணன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"மந்திரி வந்தப்ப அரை மணி நேரம் ரோட்டை நிறுத்துனீங்களே சாமி, எம் பையனுக்கு அரை நிமிசம் போதுமுங்க."

முன்வரிசை

அன்று சாயங்காலம் எல்லோரையும் போகச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் மேடைக்கு எதிரே முன்வரிசை நாற்காலியை விட்டு எழவில்லை. வருகிற தையில் அவர் மகனுக்கு இதே மேடையில்தான் கல்யாணம் நடப்பதாக இருந்தது. கூட்டிப் போக வந்த ராசாத்தி அக்காவிடம் அவர் மெதுவாகச் சொன்னார்:

"நீ போ அம்மிணி, வாரேன். சம்பந்தி ஊட்டுக்காரங்களை எங்க உக்கார வெக்கறதுன்னு பாத்துட்டு இருக்கறேன்."

நின்ற லாரிகள்

ஐப்பசி மழையில், அதே இடத்தில், ராசாத்தி அக்காவையும் லாரி அடித்துவிட்டது. சுடுகாடு பைபாஸுக்கு அந்தப் பக்கம். ஊரே பாடைக்குப் பின்னால் நடந்தது, மேளமும் வெடியுமாக. யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றிவிட்டு ரோட்டின் நடுவே நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நடந்த நாச்சிமுத்து அண்ணன் அழவில்லை.

"நாங்க கேட்டது அம்மிணிக்குக் கெடைச்சிருச்சுங்க. லாரியெல்லாம் நிக்குது பாருங்க."

சுரங்கப்பாதை இன்னும் வரவில்லை. எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் கூடி நடந்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, செத்தவரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சம்பிரதாயம்.