ஜரிகையை மறைத்த பதக்கம்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றுக்கு விளம்பர வாசகம் எழுதப் போன இடத்தில்தான் அந்தப் பளுதூக்கும் வீராங்கனையைப் பார்த்தேன். விளம்பரப் படத்துக்காகப் பட்டுப்புடவையும் கழுத்தில் பதக்கமுமாக நின்றிருந்தார். அகன்ற தோள். காய்த்துப்போன உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தோளு ஆம்பள மாதிரி இருக்குதுமா, முந்தானையால மூடிக்கோ. கையைப் பின்னால வச்சுக்கோ," என்றார் புகைப்படக்காரர்.

"மெடல் ஜரிகையை மறைக்குது, கழட்டிடுமா," என்றார் முதலாளி.

எல்லாவற்றையும் செய்துவிட்டு அந்த வீராங்கனை கேட்டார்: "அப்போ என்னை எதுக்குண்ணா கூட்டாந்தீங்க?"

"நம்ம ஊருக்கே நீதான்மா பெருமை," என்றார் முதலாளி.

பக்கத்து ஐயம்பேட்டையில் இப்போது அந்தப் பதாகை நிற்கிறது. கணினி மெலிய வைத்த தோளுடன் யாரோ ஒருத்தி சிரிக்கிறாள். 'வலிமைக்கு எங்கள் வணக்கம்' என்பது என் வாசகம். நேற்று அதன் கீழே ஷேர் ஆட்டோவுக்காக அவர் நின்றிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததால்தான் நானே கண்டுகொண்டேன்.